தமிழ்நாட்டில் சிறுவர் இயங்குபட நினைவேக்கம்

தமிழ்நாட்டில் சிறுவர் இயங்குபட நினைவேக்கம் என்பது, தம் இளமையில் தொலைக்காட்சியில் கண்ட இயங்குபடத் தொடர்களை வளர்ந்தவர்கள் ஏக்கத்துடன் நினைவுகூர்வதையும், அவற்றை இன்றைய தொடர்களோடு ஒப்பிட்டு முந்தையவையே சிறந்தவை எனக் கருதுவதையும் குறிக்கும். இயங்குபடங்கள் பேச்சு வழக்கில் கார்ட்டூன் என்றும், சற்று மூத்த தலைமுறையினரால் பொம்மைப்படம் என்றும் அழைக்கப்படுகின்றன.

இப்போக்கு உலகெங்கும் காணப்படுவதே. ஆயினும் தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. இங்கு ஏக்கத்துடன் நினைவுகூரப்படும் தொடர்களுள் ஏறத்தாழ எதுவும் தமிழ்நாட்டில் வரையப்பட்டதன்று. படங்கள் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தன. குரல் மட்டும், அதுவும் பிற்காலத்தில், தமிழாக இருந்தது. அந்தத் தமிழ்க் குரலே இன்று மீண்டும் கிடைப்பதற்கு மிக அரிதானதாகவும் உள்ளது.

சொல்

ஏக்கத்தைக் குறிக்கும் நாஸ்டால்ஜியா என்ற சொல்லை 1688இல் யோகான்னசு ஓஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் உருவாக்கினார். தாயகத்தை விட்டுத் தொலைவில் இருந்தோரை வாட்டிய ஒரு நோய்க்கு அவர் இட்ட பெயர் அது. இடத்தைப் பற்றிய இந்த ஏக்கம் பின்னாளில் காலத்தைப் பற்றியதாகப் பொருள் மாறியது. உளவியலாளர் இன்று இதனை நோயாகக் கருதுவதில்லை. ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான நினைவுகளே முதுமையிலும் மிகுதியாக மேலெழுகின்றன என்பது அவர்களின் பொதுவான கண்டறிதல். கார்ட்டூன் நினைவுகள் இந்த எல்லையின் தொடக்கத்திலும் அதற்குச் சற்று முன்னும் அமைபவை.

இந்தித் தொடர்களும் கொடைக்கானல் கோபுரமும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15 அன்று தொடங்கப்பட்டது. எனினும் மாநிலத்தின் தென்பகுதிக்கு அலைகள் எட்டுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் தென் கடலோர மாவட்டங்களில் உயரமான ஆன்டெனாக்களை நிறுத்தி, 1982 பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தவர் பலர். மதுரை, திண்டுக்கல் வட்டாரச் சமவெளிகளுக்குத் தூர்தர்சனைக் கொண்டுவந்தது பழனி மலைத்தொடரின் மேல், கொடைக்கானலில் அமைந்த உயர்திறன் ஒளிபரப்புக் கோபுரம் ஆகும். தொலைக்காட்சி அலைகள் நேர்கோட்டில் செல்பவை. ஆகவே கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் நிற்கும் கோபுரம் ஒன்று பல மாவட்டங்களுக்குப் போதுமானதாயிற்று. திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரம் போன்ற ஊர்களில், வீட்டுக்கூரை ஆன்டெனாக்கள் மலையை நோக்கித் திரும்பி நின்ற காலம் அது. காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டால் ஒருவர் கூரையேறித் திருப்ப, மற்றொருவர் உள்ளிருந்து "தெரியுது, தெரியலை" எனக் குரல் கொடுப்பது அத்தலைமுறையினரின் கார்ட்டூன் நினைவுகளோடு பிரிக்க முடியாதது.

அவ்வாறு வந்தவற்றுள் பெரிதும் நினைவுகூரப்படுவது 1993இல் தூர்தர்சனின் தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு காலைகளில் வந்த 'ஜங்கிள் புக்' ஆகும். ருட்யார்ட் கிப்ளிங்கின் கதைகளைத் தழுவி ஜப்பானின் நிப்பான் அனிமேசன் நிறுவனம் 1989–1990இல் தயாரித்த, 52 பகுதிகள் கொண்ட தொடர் இது. இந்தியாவில் இந்தியில் ஒலித்தது. இதனை அடுத்து டிஸ்னியின் 'டக் டேல்ஸ்', 'டேல் ஸ்பின்' ஆகியனவும் இந்தியிலேயே வந்தன.

1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றிவரும் தமிழ்நாட்டில், அரசுப் பள்ளி மாணவர்க்கு இந்தி தெரிந்திருக்கவில்லை. ஆகவே அவர்கள் இத்தொடர்களைப் பொருள் விளங்காமலே பார்த்தனர். மௌக்லி யார், ஓநாய்க் கூட்டம் அவனை ஏன் வளர்க்கிறது, புலிக்கு ஏன் அவன்மேல் பகை என்பவற்றைப் படங்களிலிருந்தே ஊகித்துக்கொண்டனர். ஒரே தொடருக்கு ஒவ்வொரு தெருவிலும் வெவ்வேறு கதை இருந்திருக்கக்கூடும். இத்தகைய பார்வை குறையுடையது என்றே தோன்றினும், அன்று சிறுவராயிருந்தோர் அதனைக் குறையாகச் சொல்வதில்லை.

இதே காரணத்தால்தான் 'டாம் அண்ட் ஜெரி'க்குத் தமிழ்நாட்டில் தனி இடம் கிடைத்தது. பூனையும் எலியும் பெரும்பாலும் பேசுவதில்லை. 1995 மே 1 அன்று இந்தியாவில் தொடங்கிய கார்ட்டூன் நெட்வொர்க், முதலில் பகலில் கார்ட்டூன்களையும் இரவில் டிஎன்டி என்ற பெயரில் பழைய ஆலிவுட் படங்களையும் ஆங்கிலத்தில் ஒளிபரப்பியது. கேபிள் இணைப்பு வந்த வீடுகளில் மொழித் தடையின்றி எல்லா வயதினரும் பார்த்தது டாம் அண்ட் ஜெரியையே. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா இருவரும் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக இப்படங்களை உருவாக்கியது 1940 முதல் 1958 வரை. 114 குறும்படங்களுக்கு 7 ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. 1990களின் தமிழ்ச் சிறுவர்கள் தம் காலத்துப் படம் என்று எண்ணிப் பார்த்தவை, அவர்களின் தாத்தா பாட்டி காலத்தில் திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்டவை.

தமிழ் ஒலித்த காலம்

கார்ட்டூன் நெட்வொர்க் பின்னர் இந்தியிலும் தமிழிலும் மொழிமாற்றம் செய்யத் தொடங்கியது. 2004 சனவரியில் போகோவும், அதே ஆண்டு டிசம்பரில் டிஸ்னியின் அலைவரிசைகளும் தொடங்கின. பின்னவற்றுள் டூன் டிஸ்னி தமிழிலும் ஒலித்தது. ஆயினும் தமிழுக்கெனவே தொடங்கப்பட்ட சிறுவர் அலைவரிசை, சன் குழுமம் 2007 ஏப்ரல் 29 அன்று தொடங்கிய சுட்டி டிவி ஆகும்.

இக்காலத்தில் வேறொன்றும் நிகழ்ந்திருந்தது. தமிழ்நாடு அரசு 2006 செப்டம்பர் 15 முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. 1993இன் மௌக்லியைப் பக்கத்து வீட்டு வாசற்படியில் நின்று பார்த்த பிள்ளைகள் உண்டு. 2007இன் டோராவைப் பெரும்பாலோர் தம் வீட்டிலேயே பார்த்தனர். 2011இல் மீண்டும் செயல்படத் தொடங்கிய அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியபோது, சிற்றூர்களில் எஞ்சியிருந்த இடைவெளியும் குறைந்தது. மறுபுறம், 2008 முதல் சில ஆண்டுகள் நிலவிய கடும் மின்வெட்டும் இத்தலைமுறையினரின் நினைவில் உண்டு. தொடரின் நேரமும் மின்வெட்டின் நேரமும் ஒன்றானால் அன்றைய பகுதி போயிற்று. மறு ஒளிபரப்பு வந்தாலன்றிப் பார்க்க வழியில்லை.

சுட்டி டிவியின் தொடர்களுள் பெரிதும் அறியப்பட்டவை 'ஜாக்கிசான்' சாகசங்களும் 'டோராவின் பயணங்க'ளும் ஆகும். டோரா, நிக்கலோடியன் அலைவரிசைக்காக 2000இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர். ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு இடையிடையே எசுப்பானியச் சொற்களைக் கற்பிப்பது அதன் மூல நோக்கம். டோராவின் துணையான பூட்ஸ் என்ற குரங்கு தமிழில் 'புஜ்ஜி' ஆயிற்று. திருட வரும் நரி 'குள்ளநரி' ஆயிற்று. டோரா பார்வையாளரிடம் வினா எழுப்பிவிட்டு விடைக்காகச் சில நொடிகள் காத்திருப்பாள். அந்த மௌனத்தில் வீடுதோறும் குழந்தைகள் தொலைக்காட்சியை நோக்கிக் கூவினர். வளர்ந்தவர்களுக்குச் சலிப்பூட்டிய அம்மௌனமே அத்தொடரின் உயிர்நிலை எனலாம். ஒட்டிப் பிரியாத இருவரை 'டோரா புஜ்ஜி' எனக் கேலி செய்யும் வழக்கும் இதிலிருந்து வந்ததே.

மொழிமாற்றம் எளிய பணியன்று. வரைந்த வாய் எத்தனை முறை திறந்து மூடுகிறதோ, அத்தனை அசைகளுக்குள் தமிழ் வாக்கியம் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு அசையில் முடிவது தமிழில் ஐந்தாறு அசைகளாக நீளும். ஆகவே உரையாடல் எழுதுபவர் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை என்ன சொல்லுமோ அதை எழுத நேர்கிறது. திரைப்பட நகைச்சுவைகளின் சாயலும் வட்டார வழக்கும் உள்ளே நுழைந்தது இவ்வழியில்தான். மூலத்தைப் பின்னாளில் ஆங்கிலத்தில் பார்த்த பலர் அது தமிழளவுக்குச் சுவையாக இல்லை எனக் கூறுவது வெறும் பற்று மட்டுமன்று.

இப்பணியைச் செய்த பின்னணிக் குரல் கலைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் திரையில் காட்டப்பட்டதில்லை. இலங்கையின் நிலை இதற்கு நேர்மாறானது. ரூபவாகினியில் மொழிமாற்றப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய திரைப்பட இயக்குநர் டைட்டசு தொட்டவத்த, பக்ஸ் பன்னியை 'ஹா ஹா ஹரி ஹாவா' என்றும் டாக்டர் டூலிட்டில் தொடரைத் 'தொஸ்தர ஹொந்த ஹித்த' என்றும் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார். 2011இல் அவர் இறந்தபோது, அந்தக் கார்ட்டூன்களின் வழியாகவே அவரை அறிந்த ஒரு தலைமுறை அங்கிருந்தது. தமிழில் டோராவும் புஜ்ஜியும் புகழ்பெற்ற அளவுக்கு அவர்களுக்குக் குரல் தந்தவர்கள் அறியப்படவில்லை.

அன்றும் இன்றும்: ஒப்பீட்டின் சிக்கல்கள்

முந்தைய கார்ட்டூன்கள் கையால் வரையப்பட்டவை, ஆகவே உயிர்ப்புள்ளவை. இன்றையவை கணினியில் அவசரமாகச் செய்யப்பட்டவை என்பது அடிக்கடி கூறப்படும் கருத்து. இது ஓரளவே உண்மை. திரைப்படத்தில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும். ஒரு வரைபடத்தை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் நொடிக்கு 12 வரைபடங்கள் தேவை. எம்ஜிஎம் காலத்து டாம் அண்ட் ஜெரிக்கு இந்தச் செலவு கட்டுபடியாயிற்று. தொலைக்காட்சிக்கு அது கட்டுபடியாகாது என்பதால், அதே ஹன்னாவும் பார்பெராவும் 1957இல் தம் நிறுவனத்தைத் தொடங்கியபோது உடலை அசைக்காமல் வாயையும் கையையும் மட்டும் அசைக்கும் சிக்கன முறையைக் கையாண்டனர். 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' (1960), 'ஸ்கூபி டூ' (1969) ஆகியவற்றில் ஓடுபவர்களுக்குப் பின்னால் அதே மரமும் அதே சன்னலும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். 1983இன் 'ஹீ-மேன்' தொடரில் ஒரே அசைவுகள் பகுதிக்குப் பகுதி மீண்டும் பயன்படுத்தப்பட்டன. சிக்கனம் இன்றைய கண்டுபிடிப்பன்று.

வணிக நோக்கமும் புதிதன்று. ஹீ-மேன் தொடரே மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது.

இன்றைய தொடர்களின் வேகம் குழந்தைகளின் கவனத்தைச் சிதைக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு ஓரளவு ஆய்வுச் சான்று உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 9 நிமிடங்கள் வேகமான கற்பனைக் கார்ட்டூன் பார்த்தவர்கள், அதன் பின் உடனடியாக நடந்த கவன, தன்னடக்கச் சோதனைகளில், மெதுவான கார்ட்டூன் பார்த்தவர்களையும் படம் வரைந்தவர்களையும் விடப் பின்தங்கினர். நீண்டகால விளைவை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வேகமான தொடர் 1999இல் தொடங்கிய 'ஸ்பாஞ்ச்பாப்' என்பதும் கருதத்தக்கது. அது இன்று பலருக்கு 'அந்தக் காலத்து நல்ல கார்ட்டூன்'.

ஒழுக்கம் பற்றிய குறை இதனினும் சுவையானது. ஜப்பானியத் தொடரான 'ஷின்-சான்' இந்தியாவில் 2006இல் ஹங்காமா அலைவரிசையில் தொடங்கியது. ஐந்து வயதுச் சிறுவன் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதும் வெட்கமின்றி நடந்துகொள்வதும் பிள்ளைகளைக் கெடுக்கும் எனப் பெற்றோர் முறையிட்டனர். 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதனைத் தடை செய்தது. 2009இல் காட்சிகள் வெட்டப்பட்டு மீண்டும் வந்தது. அன்று ஒளிந்து பார்த்த பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் காலத்துக் கார்ட்டூன்களில் நகைச்சுவை இருந்தது, இப்போதையவற்றில் ஒன்றுமில்லை எனச் சான்றாகக் காட்டும் தொடர்களுள் ஷின்-சானும் ஒன்று.

'பொற்காலம்' எது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. 1980களில் பிறந்தோருக்கு அது மௌக்லியோடு முடிந்துவிட்டது. அவர்கள் சுட்டி டிவியை இரைச்சல் என்பர். 2000ஐ ஒட்டிப் பிறந்தோருக்குச் சுட்டி டிவியே பொற்காலம். 'சோட்டா பீம்' வந்து கெடுத்தது என்பர். 2008இல் ஆறு வயதில் சோட்டா பீமைப் பார்த்தவர்கள் இப்போது இருபது வயதைக் கடந்து அதனையே ஏக்கத்தோடு பேசுகின்றனர். இவர்கள் எல்லோருக்கும் முன்பே, 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்சின் 'இரும்புக்கை மாயாவி'யை நினைத்து ஏங்கும் தலைமுறை ஒன்று உண்டு. மாயாவியும் இங்கிலாந்தில் வெளியாகித் தமிழ் பேசியவனே.

எனினும் ஏக்கத்தில் மறுக்க முடியாத ஒரு கூறு உள்ளது. முன்பு ஒரே தொடரை ஒரே நேரத்தில் ஊர் முழுதும் பார்த்தது. மறுநாள் பள்ளியில் அது எல்லோருக்கும் பொதுப் பேச்சாயிற்று. கைபேசியில் தனித்தனியே, விரும்பிய பொழுதில், வழிமுறை நிரல் அடுத்தடுத்துத் தள்ளும் படங்களைப் பார்க்கும் குழந்தைக்கு அந்தப் பொதுமை இல்லை. தொடர்களின் தரம் பற்றிய வழக்கு எப்படி முடிந்தாலும் இந்த இழப்பு உண்மையானதே.

இந்தியத் தயாரிப்புகளும் தமிழும்

ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் உருவாக்கிய சோட்டா பீம் 2008இல் போகோவில் தொடங்கிப் பெரும் வெற்றி பெற்றது. இதன்பின் சிறுவர் அலைவரிசைகள் இந்தியத் தயாரிப்புகளின் பக்கம் திரும்பின. 'லோட்பாட்' என்ற இந்திச் சிறுவர் இதழின் கதைமாந்தரைக் கொண்ட 'மோட்டு பட்லு' 2012இல் நிக்கலோடியனில் வந்தது. இவை யாவும் தமிழிலும் ஒலிக்கின்றன. ஆயினும் பீமுக்கு வலிமை தருவது லட்டு, மோட்டுவுக்கு மூளை வேலை செய்யச் சமோசா. இட்லி தின்று மலையைத் தூக்கும் வீரன் இன்னும் தேசிய அலைவரிசைகளில் தோன்றவில்லை. மோட்டு பட்லுவில் வரும் காவல் ஆய்வாளர் சிங்கம், இந்தி மூலத்தில் தென்னிந்திய உச்சரிப்போடு பேசிச் சிரிப்பூட்டுபவர். அவ்வுச்சரிப்பையே நகைச்சுவையாகக் கொண்ட பாத்திரம் தமிழுக்கு வரும்போது, எதைக் கண்டு சிரிப்பது என்பது மொழிமாற்றுநருக்கு விடப்படுகிறது.

தமிழ்நாட்டில் தொழில்நுட்பம் இல்லாமலில்லை. சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000இல் 'பாண்டவாஸ்' என்ற முப்பரிமாண இயங்குபடத்தை வெளியிட்டது; அது ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. இளையராசா இசையமைத்த 'இனிமே நாங்கதான்' (2007) தமிழிலேயே எடுக்கப்பட்ட முப்பரிமாண இயங்குபடம். ஆனால் அது ஒரு மரபைத் தோற்றுவிக்கவில்லை. 2013இல் சென்னையில் தொடங்கிய சூச்சூ டிவி, யூடியூபில் உலகின் பெரிய குழந்தை அலைவரிசைகளுள் ஒன்றாக வளர்ந்தது. பென்டாமீடியாவைப் போலவே அதற்கும் புகழ் தேடித்தந்தவை ஆங்கில ஆக்கங்களே. தமிழ்நாட்டில் வரைந்து உலகுக்கு ஆங்கிலத்திலும், உலகில் வரைந்து தமிழ்நாட்டுக்குத் தமிழிலும் என்ற இந்த இருவழிப் போக்கில், தமிழ்ச் சிற்றூரில் நடக்கும் கதைக்கு இடம் குறைவு.

மறு ஒளிபரப்பும் காப்பும்

படங்கள் திரும்பி வருகின்றன. கோவிட் ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் ஜங்கிள் புக் மீண்டும் தூர்தர்சனில் வந்தது. ஜப்பானின் யூகோ சாகோவும் இந்தியாவின் ராம் மோகனும் இணைந்து உருவாக்கி 1993இல் தில்லியில் நடந்த திரைப்பட விழாவில் காட்டப்பட்ட 'இராமாயணம்' இயங்குபடம், 2025 சனவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. டோரா 2024இல் கணினி வரைகலையில் புதிதாக எடுக்கப்பட்டது.

தமிழ் ஒலித்தடங்களின் நிலை வேறு. ஓர் அலைவரிசை ஒரு தொடரைக் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் பெற்று மொழிமாற்றுகிறது. உரிமம் முடிந்து அத்தொடர் வேறொரு நிறுவனத்துக்கோ இணையவழிச் சேவைக்கோ செல்லும்போது பழைய தமிழ்க் குரல் உடன் செல்ல வேண்டும் என்பதில்லை. புதிதாக வேறு குரலில் மொழிமாற்றப்படலாம். அல்லது தமிழ் விடுபடலாம். அன்றைய ஒளிபரப்பை வீட்டில் பதிவுசெய்து வைத்திருந்தவர்கள் இணையத்தில் ஏற்றிய மங்கலான படிகளே பல பகுதிகளுக்கு இன்று கிடைக்கும் சான்று. உரிமையாளர் கோரினால் அவையும் நீக்கப்படும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்பட ஆக்கங்களுக்கு உரிமைக்காலம் வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் என்பதால், 2007இல் ஒலித்த ஒரு தமிழ் மொழிமாற்றம் 2067 முடியும் வரை பொதுவுடைமை ஆகாது.

அச்சு நூல்களுக்கு இச்சிக்கல் இல்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூலின் படி ஒன்று சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் சேர வேண்டும். மாயாவியின் பழைய கதைகளும் சிவகாசியில் மறுபதிப்புக் கண்டுள்ளன. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு அத்தகைய சட்டம் இந்தியாவில் இல்லை. பிரான்சில் 1992ஆம் ஆண்டின் சட்டம் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் கட்டாய வைப்புக்குள் கொண்டுவந்தது. அந்நாட்டின் தேசிய ஒலி ஒளிக் கழகம் அவற்றைச் சேமித்து ஆய்வாளர்க்கு வழங்குகிறது. இங்கு டோராவின் தமிழ்ப் பகுதிகள் முழுமையாக உள்ளனவா என்பதை நூலகத்தில் கேட்டறிய வழியில்லை. அலைவரிசையின் கிடங்கில் இருந்தால் உண்டு.